சீப்பக்காவின் வலது தோள்

கொண்டையில் எந்நேரமும் ஒரு சீப்பைச் செருகி வைத்திருப்பதால் தெருவில் சிறுசு பெருசு எல்லாருக்கும் அவள் சீப்பக்கா. வீட்டு முன்னறைதான் கடை. ஒரு பெரிய கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி, கால் நகம் வெட்டும்போது அவள் உட்கார்ந்துகொள்ள ஒரு குட்டி முக்காலி. பெயர்ப் பலகைகூட மாட்டவில்லை. ஆனாலும் பெண்கள் தேடிக்கொண்டு வந்தார்கள், அவள் கைக்காக. வாய்க்காக நிச்சயம் இல்லை.

"முன்னால கொஞ்சம் வெட்டி விடுங்கக்கா, சினிமாவுல வர்ற மாதிரி" என்று யாராவது கேட்டால் போதும்.

"சினிமாவுல வர்றவளுக்கு நெத்தி இருக்கு. உனக்குப் புருவம் முடிஞ்ச இடத்துல தலை ஆரம்பிக்குது. நான் எதை வெட்டி எதை மறைக்கிறது?" என்பாள். கேட்டவள் முகம் சுருங்குவதற்குள் கத்திரி ஓட ஆரம்பித்திருக்கும். எழுந்து கண்ணாடியைப் பார்க்கும்போது கோபம் மறந்து போயிருக்கும்.

பார்க்கிறவர்களுக்கு முடி வெட்டுவது விரல் வேலை. செய்கிறவளைக் கேட்டால்தான் அது தோள் வேலை என்று தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு கையும் அந்தரத்தில் நிற்க வேண்டும். அதிலும் வலது கையில் டிரையரைப் பிடித்துக்கொண்டு நீளமுடிக்காரி ஒருத்திக்கு உலர்த்தி முடிப்பதற்குள் கை கழன்று விழுந்துவிடும் போல இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் சீப்பக்கா இதைச் செய்தாள். பிள்ளை இல்லை என்று ஊர் பேசியதையும் இந்த வேலையில்தான் மறந்தாள்.

வலி ஒரேயடியாக வரவில்லை. முதலில் கொடியில் துணி போடக் கை எட்டவில்லை. இடது கையால் போட்டாள். பிறகு சட்டைக் கைக்குள் தோள் நுழையவில்லை, தொளதொளவென்று தைத்துக்கொண்டாள். அப்புறம் வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. கட்டிலில் கணவரைச் சுவரோரம் தள்ளிவிட்டு இடம் மாறினாள். தண்ணீர் பம்ப் ஓட்டும் வேலையிலிருக்கும் அந்த மனுஷன், "இங்க காத்தே வரல" என்று முனகினாரே தவிர, எதற்கு மாறினாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒரு நாள் மேல் அலமாரியிலிருந்து துண்டுக் கட்டை இழுத்தாள். தோளுக்குள் ஏதோ பிய்ந்தது. கை தொப்பென்று விழுந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி மேலே வைத்துப் பார்த்தாள். விட்டதும் மறுபடி விழுந்தது. நாற்காலியில் ஈரத் தலையுடன் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பாதி தலைதான் வெட்டியிருந்தது. மீதியை எப்படியோ முடித்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

எலும்பு டாக்டரைப் பார்த்ததும் சீப்பக்கா முதலில் கவனித்தது அவர் தலையைத்தான். பளபளவென்று இருந்தது. இந்த மனுஷனுக்கு நம்ம தொழிலில் ஒரு வேலையும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அவர் அவள் கையைப் பக்கவாட்டில் தூக்கி, "நிறுத்துங்க" என்றார். நிற்கவில்லை. படம் எடுத்து வரச் சொன்னார். படத்தைப் பார்த்தார்.

"தோள்ல ஒரு உருண்டை எலும்பு இருக்கு. அதை நாலு சதை சுத்திப் பிடிச்சிருக்கு, பந்தைக் கையால பிடிக்கிற மாதிரி. சதை எலும்புல போய் ஒட்டுற இடத்துல கயிறாகும். அதைத்தான் தசைநாண்னு சொல்றோம். உங்களுக்கு மேல் கயிறு நைஞ்சு நைஞ்சு, கடைசியில அறுந்து பின்னால ஓடிடுச்சு."

"தைலம் போட்டா வராதா?"

"தைலம் தோலோட நின்னுடும்மா. நான் சின்னச் சின்னத் துளை போட்டு, ஒரு துளை வழியா கேமரா விட்டு உள்ள பார்ப்பேன். ஓடிப்போன கயிறை இழுத்துட்டு வந்து, எலும்புல குட்டித் திருகாணி வெச்சு, அந்த ஆணியில இருக்கிற நூலால கட்டிடுவேன்."

"தையல் வேலைன்னு சொல்லுங்க."

"தையல்தான். ஆனா நான் கட்டுறது சும்மா பிடிச்சு வைக்கத்தான். கயிறு எலும்போட ஒட்டிக்கிறது உங்க உடம்பு செய்யுற வேலை. அதுக்கு மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் கை சொன்ன பேச்சு கேக்கணும்."

"கையை விடுங்க டாக்டர்" என்றார் கூட வந்த கணவர். "இவ கேக்கணுமே."

ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்றரை மாதம் கையைக் கழுத்தில் மாட்டும் பட்டைக்குள் வைத்திருக்க வேண்டும், தானாகத் தூக்கவே கூடாது என்றார்கள். யார் குளிக்க வைப்பது, யார் தலை வாருவது? கணவருக்கு வாளி எந்தப் பக்கம் கவிழும் என்றுகூடத் தெரியாது. அவர் அவளைக் கேட்காமலேயே தன் அண்ணிக்குப் போன் போட்டுவிட்டார்.

அண்ணி என்றால் சீப்பக்காவுக்கு ஓரகத்தி. ஓரகத்தியும் அவளும் வருஷக்கணக்கில் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் மட்டும் பேசிக்கொள்பவர்கள். கடை ஆரம்பித்த புதிதில் பெரியவள், "கண்டவ தலை மயிரைப் பொறுக்கித்தான் சாப்பிடணுமா, என் மாமியார் வீட்டு மானம் போகுது" என்று நாலு பேர் முன்னால் சொன்னாள். சின்னவள் பதிலுக்கு, "உங்க தலையில பொறுக்க ஒண்ணுமில்லைன்னு பொறாமையா அக்கா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு விழுந்த விரிசல். இப்போது பெரியவளுக்குக் கணவர் இல்லை. ஒற்றை ஆளாக ஒரு வீட்டைக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றும்போதே, "எங்க அந்த மகாராணி?" என்றாள்.

ஆபரேஷன் காலையில் நடந்தது. சீப்பக்கா கண் விழித்தபோது பக்கத்தில் யாரோ கையை வைத்துவிட்டுப் போயிருப்பது போல இருந்தது. தொட்டுப் பார்த்தாள். தன் கைதான். கிள்ளினாள், வேறு யாரையோ கிள்ளுவது போல ஒன்றும் தெரியவில்லை. கணவரைக் கூப்பிட்டாள். குரல் காற்றாக வந்தது. அவர் குனிந்து பார்த்தார். வலது கண் இமை பாதி சாத்திய ஜன்னல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"ஐயோ, பக்கவாதம்! கை போச்சு, கண்ணு போச்சு, பேச்சும் போச்சு!" என்று வராந்தாவில் ஓடினார்.

நர்ஸ் சாவகாசமாக வந்தாள். "கழுத்துல மரத்துப்போற ஊசி போட்டிருக்கோம். அது பக்கத்து நரம்பையும் கொஞ்சம் தொட்டுடும். இமை இறங்கும், குரல் கம்மும். ஊசி விட்டதும் எல்லாம் சரியாகிடும். முன்னாடியே சொன்னோமே சார்?"

"சொன்னீங்களா?"

"கையெழுத்துப் போடும்போது சொன்னோம்."

ஓரகத்தி கட்டில் காலருகே நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "கை எப்ப வேணா வரட்டும் சிஸ்டர். அந்தக் குரலை மட்டும் கொஞ்ச நாள் அப்படியே வெச்சிருக்க ஊசி ஏதும் இருக்கா?"

சீப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் அசையுமோ என்று பயந்து மூக்கால் சிரித்தாள். மறுநாள் ஊசி முழுசாக விட்டபோதுதான் வலி என்றால் என்ன என்று தெரிந்தது. ஓரகத்தி மாத்திரை நேரத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் ராஜ்யம். கையைத் தாங்கும் பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை உண்டு. அதைக் கழற்றி, கை ஆடாமல் முழங்கையைத் தன் இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் சீப்பக்காவைக் குளிப்பாட்டுவாள். அக்குளைத் துடைப்பாள். கணவரின் பழைய சட்டையை, வலி உள்ள கைக்கு முதலில், நல்ல கைக்கு அப்புறம் என்று போட்டு பட்டன் போடுவாள். எல்லாவற்றுக்கும் திட்டு உண்டு.

"குனிடி. குனின்னா என் காலைப் பார்க்கச் சொல்லல, தலையைக் குனி."

"கண்ணுல சோப்பு போகுதுக்கா."

"போகட்டும். கண்ணு சுத்தமானா உலகம் தெரியும்."

விவரம் தெரிந்த நாளிலிருந்து இன்னொருவர் தன் தலையைத் தொட சீப்பக்கா விட்டதில்லை. அடுத்தவர் வேலையில் அவள் கண் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும். ஓரகத்திக்கு முடி அலசவே தெரியாது. மாவு பிசைவது போலப் பிசைவாள். கொண்டை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ஆனாலும் அந்தத் தடித்த விரல்கள் மண்டையில் அழுந்தும்போது சீப்பக்கா கண்ணை மூடிக்கொள்வாள். ஏதாவது சொல்லிவிடப் போகிறோமே என்று வாயை இறுக்கிக்கொள்வாள்.

வாரத்துக்கு இரண்டு தடவை பிசியோதெரபிக்குப் போனார்கள். அங்கே ஒரு சின்னப் பெண், எண்ணெய் காணாத முடியை ரப்பர் பேண்டில் இழுத்துக் கட்டியவள், சீப்பக்காவை மல்லாக்கப் படுக்க வைத்துத் தானே கையைத் தூக்கிவிடுவாள். "நீங்க உதவி பண்ணாதீங்க ஆன்ட்டி. கையை எனக்குக் கடன் குடுத்துட்டீங்கன்னு நினைச்சுக்கோங்க" என்பாள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு சுவர்க் கடிகார ஊசல் போல ஆட்டச் சொல்வாள். அவ்வளவுதான் அப்போதைக்கு அனுமதி.

காத்திருக்கும் பெஞ்சில் ஒரு போஸ்ட்மேன் எப்போதும் இருப்பார். நாய் துரத்தி சைக்கிளோடு விழுந்து முழங்கால் நார் அறுந்தவர். வாய் ஓயாது.

"என் தொடைக்குப் பின்னாலேருந்தே ஒரு கயிறை எடுத்து, நாலா மடிச்சு, மேல் எலும்புலயும் கீழ் எலும்புலயும் சுரங்கம் தோண்டி, உள்ள விட்டு இழுத்துக் கட்டிட்டாங்கம்மா. என் நாரு எனக்கே."

"அப்ப தொடைக்கு?" என்றாள் ஓரகத்தி.

"அது பாட்டுக்குச் சமாளிச்சுக்கும்னு சொல்லிட்டாங்க. இப்ப எனக்கு வலியே இல்ல. ஓடலாம் போல இருக்கு. ஆனா டாக்டர் என்ன சொல்றார் தெரியுமா? இப்பத்தான் அந்தக் கயிறு ரொம்ப சொத்தையா இருக்காம். புது இடத்துல அதுக்கு ரத்தம் ஓடிப் பழகுற வரைக்கும் எப்ப வேணா பிய்யுமாம். நல்லா இருக்குன்னு தோணுறப்பதான் பயப்படணுமாம்."

ஓரகத்தி சீப்பக்காவை இடித்தாள். "கேட்டுக்கோ."

"அது முழங்கால். எனக்குத் தோள்" என்றாள் சீப்பக்கா. அவளுக்கும் வலி குறைந்திருந்தது. பட்டையைக் கழற்ற இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி.

அப்படி ஒரு மத்தியானம், ஓரகத்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, கணக்கு டீச்சர் வந்தாள்.

டீச்சர் பழைய வாடிக்கை. போன வருஷம் பெரிய வியாதி வந்து, மருந்து ஏற்றி, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இதே முன்னறையில், கதவைத் தாழிட்டு, சீப்பக்காதான் மிச்சத்தையும் மழித்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் ஒரு நக்கலும் பேசவில்லை. அதன்பின் அந்தத் தலையை வேறு யாரும் துணியில்லாமல் பார்த்ததில்லை. இப்போது துணியை அவிழ்த்தாள். கோழிக்குஞ்சு ரோமம் மாதிரி, ஒரு பக்கம் நரைத்து, ஒரு பக்கம் சுருண்டு, காதுக்குப் பின்னால் கொத்தாக முளைத்திருந்தது.

"நாளன்னைக்கு ஸ்கூலுக்குப் போறேன். துணி கட்டிக்காம போகணும்னு ஆசை" என்றாள் டீச்சர். "வேற இடத்துக்குப் போனேன்க்கா. வாசல் வரைக்கும் போனேன். உள்ள போக முடியல. சும்மா உங்ககிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். துணியே கட்டிக்கிறேன், பரவாயில்ல."

சீப்பக்கா அந்தத் தலையைப் பார்த்தாள். எங்கெங்கே எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கண் அளந்துவிட்டது.

"உட்காருங்க."

"ஐயோ, வேணாம்க்கா. உங்க கை."

"கையைத் தூக்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார்? நான் எங்க தூக்கப் போறேன்? உங்களை இறக்கப் போறேன்."

நகம் வெட்டும் குட்டி முக்காலியைக் காலால் தள்ளி டீச்சரை அதில் உட்கார வைத்தாள். தலை சரியாக இடுப்பு உயரத்துக்கு வந்தது. பட்டையைக் கழற்றினாள். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டாள். முடி வெட்டும்போது கட்டும் துணியைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினாள். வெட்டினாள். அவளுக்கே ஆச்சரியம், தோள் அசையவே இல்லை, மணிக்கட்டுக்குக் கீழேதான் வேலை. எட்ட முடியாத பக்கத்துக்குக் கையை நீட்டாமல் டீச்சரையே நகர்ந்து உட்காரச் சொன்னாள். ஒவ்வொரு கொத்தாக, காதோரம், பிடரி, உச்சி. கடைசியில் அது உதிர்ந்து முளைத்த முடி மாதிரி இல்லை. ஆசைப்பட்டுக் குட்டையாக வெட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. டீச்சர் கண்ணாடியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெட்டி முடித்ததும் கழுத்து முடிச்சை அவிழ்த்து, துணியை ஒரே இழுப்பில் உருவி, பட்டென்று உதறுவது ஆயிரமாயிரம் தடவை செய்த பழக்கம். அவ்வளவு நேரம் கட்டிக் காத்த கை, யோசிக்காமல் உதறியது.

தோளுக்குள் டப் என்றது.

டீச்சருக்குக் கேட்கவில்லை. அவள் கண்ணாடியில் இருந்தாள். சீப்பக்கா இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கீங்க. போங்க. சந்தோஷமா போங்க" என்று வழியனுப்பிவிட்டு, தரையைப் பெருக்கி, முக்காலியை இடத்தில் வைத்து, பட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் போய் உட்கார்ந்தாள். போஸ்ட்மேன் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது.

மார்க்கெட்டிலிருந்து வந்த ஓரகத்தி, "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள்.

"தூக்கம்."

மறுநாள் குளியலறையில் பட்டையைக் கழற்றிய ஓரகத்தி சட்டென்று நின்றாள். பட்டையை ஒட்டும் வெல்க்ரோவின் சொரசொரப்பில் குட்டிக் குட்டி முடிகள் சிக்கியிருந்தன. சில நரை, சில கறுப்பு, எல்லாம் பூனை முடி போல மெல்லிசு. ஒன்றைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது யார் மயிரு?"

"என்னோடது."

"உன்னோடது குதிரை வால் மாதிரி இருக்கும். தினம் அலசுறவ எனக்குத் தெரியாதா? யாருக்குடி வெட்டின?"

சீப்பக்கா வாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"நான் இங்க உனக்குப் பல்லு விளக்க பேஸ்ட் பிதுக்கி, முதுகு தேய்ச்சு, குழந்தை மாதிரி வெச்சிருக்கேன். நீ நான் அந்தப் பக்கம் போனதும் தர்பார் நடத்தியிருக்க. அந்தக் கையை வெட்டி உப்பு போட்டு வெச்சாத்தான் அடங்குவியா? அந்த டாக்டர் தையல் போட்டது உனக்கு விளையாட்டா?"

"போச்சுக்கா" என்றாள் சீப்பக்கா. "துணியை உதறினேன். டப்புன்னுச்சு. அறுந்து போச்சு." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவிழ்ந்த தலையோடு நின்றுகொண்டு தேம்பினாள். கடையும் கண்ணாடியும் நாற்காலியும் இனி எதற்கு என்றெல்லாம் சொல்ல நினைத்தாள், ஒன்றும் வரவில்லை.

ஓரகத்தியின் திட்டு பாதியில் நின்றது. அவள் திட்டு அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டாள். முழங்கையை ஏந்திக்கொண்டாள். பட்டையை மெதுவாகப் பூட்டினாள்.

"வா, போலாம். பஸ்ஸு இருக்கு."

டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, சீப்பக்கா வாயைத் திறப்பதற்குள், ஓரகத்தி முந்திக்கொண்டாள். "நான்தாங்க. குளிக்க வைக்கிறப்ப அவசரத்துல கையைத் தூக்கிட்டேன். இவ வேணாம்னுதான் சொன்னா. என் தப்பு."

சீப்பக்கா திரும்பிப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்தாலும் அடுப்பைத்தான் குற்றம் சொல்லும் ஆள் அவள். என் தப்பு என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

"பொய் சொல்றாங்க டாக்டர். நான் முடி வெட்டினேன்."

"நீ சும்மா இருடி."

"நீங்க சும்மா இருங்கக்கா. ஒரு டீச்சரை முக்காலியில உட்கார வெச்சு வெட்டினேன் டாக்டர். வெட்டினப்ப ஒண்ணும் ஆகல. துணியை உதறுனப்பதான்."

"ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் வாயை மூடினா நான் ஸ்கேன் பார்ப்பேன்" என்றார் டாக்டர்.

குளிர்ந்த பசையைத் தோளில் தடவி, கருவியை அழுத்தி, இப்படியும் அப்படியும் ஓட்டினார். திரையில் பழைய டிவியில் கோடு கோடாக ஓடுவது போல ஏதோ நகர்ந்தது. சீப்பக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி அவளுடைய இடது கையைப் பிடித்திருந்தாள். நகம் பதியும்படி பிடித்திருந்தாள்.

"நல்ல காலம்" என்றார் கடைசியில். "நான் ரெண்டு வரிசையா கட்டியிருந்தேன். வெளி வரிசையில ஓரமா கொஞ்சம் விலகியிருக்கு. உள் வரிசை அப்படியே பிடிச்சிருக்கு. கயிறு எலும்பை விட்டுப் போகல."

"திரும்ப அறுக்கணுமா?" என்றாள் ஓரகத்தி.

"வேணாம். ஆனா பட்டை கழற்றுற பேச்சு இப்ப இல்ல. பயிற்சியையும் கொஞ்ச நாள் நிறுத்தணும். கை இறுகிப்போகும். அப்புறம் அதை இளக்குறதுக்குக் கஷ்டப்படணும்."

"எவ்வளவு மேல போகும் டாக்டர்?" என்று கேட்டாள் சீப்பக்கா. "எனக்கு ஆகாயம் தொட வேணாம். நாற்காலியில உட்கார்ந்தவங்க தலை வரைக்கும் போனா போதும்."

அவர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். அடுத்துச் சொன்னதற்காகவே பொய் சொல்லாத ஆள் என்று அவள் பிறகும் பல பேரிடம் சொன்னாள். "இப்ப சொல்ல முடியாதும்மா. பார்ப்போம்" என்றார். கதவருகே போனவர்களை நிறுத்தி, "அந்த டீச்சருக்கு முடி நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

"சூப்பரா வந்துச்சு" என்றாள் சீப்பக்கா.

"அந்த சந்தோஷம் ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் ஓரகத்தி.

விஷயம் தெரிந்து டீச்சர் அழுதுகொண்டே வந்தாள். "அழாதீங்க. கண்ணு வீங்கினா அந்த முடிக்கு எடுக்காது" என்று சீப்பக்கா விரட்டினாள். பிள்ளைகள் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று மட்டும் விசாரித்தாள். ஒரு வாண்டு, டீச்சர் ஸ்டைலா இருக்கீங்க என்றதாம். அதை டீச்சரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அதன்பின் கழிந்த மாதங்களில் சீப்பக்கா டாக்டர் சொன்ன எதையும் மீறவில்லை. மீற நினைத்தாலும் முடியாது. ஓரகத்தி கத்திரிக்கோலைத் தன் பைக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாடிக்கைப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தால், "கடை லீவு. கை லீவு. வாய் மட்டும் திறந்திருக்கு, பேசணும்னா உள்ள வாங்க" என்பாள். அவர்களும் வந்தார்கள். ஒருத்தி பாத்திரம் கழுவிக் கொடுத்தாள், ஒருத்தி தண்ணீர் பிடித்து வைத்தாள். தன்னிடம் திட்டு வாங்கிய நெற்றிகள் எல்லாம் தன் சமையலறையில் குனிந்து வேலை செய்வதைப் பார்த்து சீப்பக்காவுக்கு வெட்கமாக இருந்தது. கணவர்கூட வாளியில் தண்ணீர் மொள்ளக் கற்றுக்கொண்டார். ஒரு நாள், "கட்டில்ல இடம் மாறினப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கு அது போதும்.

பயிற்சி மறுபடி தொடங்கியபோது கை இரும்பாக இறுகியிருந்தது. பிசியோ பெண் ஒவ்வொரு விரற்கடையாக இளக்கினாள். முதலில் அவளே தூக்கினாள். பிறகு ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை கெட்ட கையைத் தள்ள வேண்டும். பிறகு சுவரில் விரலால் பூச்சி போல ஏற வேண்டும். சீப்பக்கா கத்துவாள். தோளைத் தூக்கி ஏமாற்றப் பார்ப்பாள். "ஆன்ட்டி, காதுக்கும் தோளுக்கும் நடுவுல ரகசியம் பேசாதீங்க, தோளை இறக்குங்க" என்பாள் அந்தப் பெண், சிரிக்காமல். பெஞ்சிலிருந்து ஓரகத்தி, "விடாதம்மா, இன்னும் அழுத்து" என்று குரல் கொடுப்பாள். போஸ்ட்மேன் இப்போது ஓட்டப் பயிற்சியில் இருந்தார். நாய்க்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

ஒரு நாள் பிசியோ பெண் சுவரை விட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சீப்பக்காவுக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்தாள்.

"இப்ப என் தலையைத் தொடுங்க."

சீப்பக்கா நின்றாள். இடது கை தானாக உதவிக்கு வந்தது. "அது வேணாம்" என்றாள் அந்தப் பெண் திரும்பாமலே. வலது கை மட்டும் கிளம்பியது. இடுப்பு, மார்பு, அந்தப் பெண்ணின் தோள், காது. அங்கே கொஞ்சம் நடுங்கியது. பெஞ்சில் போஸ்ட்மேன்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார். நடுங்கியபடியே ஏறி உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. விழவில்லை. நின்றது.

நின்றது மட்டுமா? கட்டைவிரல் தானாக வகிடு எடுத்தது. ரப்பர் பேண்டைக் கழற்றியது. ஒரு கொத்தை எடுத்து நுனியைப் பிரித்துப் பார்த்தது.

"அடப்பாவி" என்றாள் சீப்பக்கா. குரல் உடைந்திருந்தது. "நுனியெல்லாம் ரெண்டு ரெண்டா வெடிச்சிருக்கு. இத்தனை நாள் முன்னாடியே உட்கார்ந்திருந்தா நான் சொல்லியிருப்பேனே. இதுல ரப்பர் பேண்டு வேற. என்ன சோப்பு போடுற நீ, துணி சோப்பா?"

"அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள் அந்தப் பெண். திரும்பியபோது அவள் கண்ணும் ஈரமாக இருந்தது.

டிரையரை இன்னும் தொடக் கூடாது என்றாள். தலைக்கு மேலே எட்டி எடுக்கும் வேலை இனி எப்போதும் வேண்டாம் என்றாள். அலமாரியைக் கீழே இறக்கச் சொன்னாள். சீப்பக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உட்கார்ந்த தலை எட்டிவிட்டது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் யாருக்கு வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம். ஓரகத்தி வழக்கம்போல சீப்பக்காவின் வலது பக்கம் வந்து, முழங்கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதமும் அவள் எப்போதும் அந்தப் பக்கம்தான் நின்றாள், யாரும் இடிக்காமல்.

"கை வந்துடுச்சு" என்றாள் ஓரகத்தி. "இனி எனக்கு இங்க என்ன வேலை? ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்."

"வேலை இல்லைன்னா இருக்கக் கூடாதா?"

"சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கம் இல்ல."

"எனக்கும்தான் இல்ல. நீங்கதான் உட்கார வெச்சீங்க" என்றாள் சீப்பக்கா. பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இருங்கக்கா. வேலைக்காக இல்ல. அங்க ஒத்தையா உட்கார்ந்து யாரைத் திட்டப் போறீங்க?"

பஸ் வந்து நின்றது. ஏறும்போது ஓரகத்தி பின்னாலிருந்து சீப்பக்காவின் வலது முழங்கையை ஏந்திப் பிடித்தாள். இனி அது தேவையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். சீப்பக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"உன் கொண்டை சாஞ்சிருக்கு" என்றாள் ஓரகத்தி.

"நீங்க போட்டதுதானே."

"நாளைக்கு ஒழுங்கா போட்டுவிடறேன். உட்காரு."